அழல்நாகத்துக்கு இரண்டாம் தலை வந்த வரலாறு

நலம் பெருகுக. மழைக்கும் மண்ணுக்கும் பகையில்லாத செவ்வோடை நாட்டின் வேந்தர், எண்மலைக் குறுநிலத் தலைவர்களின் தலைவர், அழிசி மாவேள் அவர்களின் திருவாய்மொழிப்படி, அவருடைய ஓலைநாயகம் பொறையனார், ஆறும் கடலும் கைகோக்கும் கழிமுக நாட்டின் பேரரசி, பாய்மரங்களின் தலைவி, கோதைநாச்சியார் அவர்களின் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் உப்பளங்களில் வெயிலும், வலைகளில் மீனும், அரண்மனையில் குழந்தைகளின் கூச்சலும் என்றும் குறையாதிருக்கட்டும்.

நடந்தவற்றைத் தாம் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறாரா என்பதில் இதை எழுதும் ஓலைநாயகத்துக்கே ஐயம் உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. எங்கள் வேந்தரின் முடிசூட்டு நாளன்று அவர் அவையில்தான் இருந்தார். ஆனால் அதிகம் பேசாதவர், பேச்சு நடக்கும்போது தரையைப் பார்க்கும் வழக்கமுடையவர். தங்கள் தூதர் பனங்கொற்றனார் சிரித்த சிரிப்பு வாயிற்காவலர் சொல்லும்போது தூண்களை அதிரச் செய்தது. சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது கூரையிலிருந்த புறாக்களைக் கொன்றது. மலையடிவாரத்தை எட்டியபோது தூதரின் வாயிலிருந்து புகை வந்ததாம். ஓலைநாயகத்தின் காதில் விழுந்ததோ, அடக்கப் பார்த்தும் அடங்காமல் மூக்குவழியே நழுவிய ஒரு சின்னச் சிரிப்பு மட்டுமே. அவர் காதும் தவறியிருக்கலாம்.

தங்கள் ஓலை இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தது. தூதரின் நாக்கு அவர் வாயில்தான் இருக்கிறதா என்பது ஒன்று. அதற்கு ஊறு நேர்ந்தால் தங்கள் மரக்கலங்கள் எங்கள் ஓடை வழியே வரும் என்றும் தாங்கள் அருளியிருந்தீர்கள். இந்தப் பருவத்தில் எங்கள் ஓடையில் வாத்துகள் நடந்துதான் போகின்றன. மரக்கலங்கள் கார்காலத்தில் வருவது அவற்றின் அடிமரத்துக்கு நல்லது என்று அன்போடு தெரிவித்துக்கொள்கிறோம். மற்றொரு கேள்வி, எங்கள் முதல் வேந்தர் அழல்நாகத்தை உயிரோடு கண்டார் என்பது உண்மைதானா என்பது. இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே நாளில் கிடைத்ததால் அந்த நாளைச் சொல்லுகிறோம்.

தலைநகருக்கு மேற்கே மழைநீர் அறுத்த ஒரு செம்மண் பள்ளம் இருக்கிறது. எங்கள் முதல் வேந்தர் கொடுங்கால் மாவேள், வேந்தராவதற்கு முன், அந்தப் பள்ளத்தில் தனியே போகும்போது, பனைமர நீளமும் தீயுமிழும் வாயும் கொண்ட அழல்நாகத்தை நேருக்கு நேர் கண்டு, ஒரே வேலால் அதன் தலையைத் துளைத்தார் என்பது எங்கள் நாட்டின் முதற்கதை. எட்டு மலைத் தலைவர்களும் அவர் குலத்துக்கு வணங்குவது அந்த ஒரு வேலின் பொருட்டே. துளைபட்ட தலையும் உடலும் இன்றும் பேரவை மண்டபத்தில் கிடக்கின்றன.

உடல் என்று சொல்லும்போதே ஓலைநாயகம் சற்று எழுத்தாணியை நிறுத்துகிறார். முடிசூடும் ஒவ்வொரு வேந்தரும் அந்தக் காலையில் கண்ணைக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, கையில் முதலில் தட்டுப்படும் எலும்பை எடுத்துவந்து நாகத்தோடு சேர்க்க வேண்டும். தட்டுப்பட்டதை மறுக்கக் கூடாது. சேர்த்ததை எடுக்கவும் கூடாது. ஆகவே எங்கள் நாகம் செத்த பிறகே வளரத் தொடங்கியது. இப்போது அதற்கு ஏழு கால்கள். ஏழாவது காலுக்கு இடமில்லாததால் அது முதுகில் இருக்கிறது. சிறகு என்று பாணர்கள் பாடுகிறார்கள். ஒரு வேந்தரின் கையில் தட்டுப்பட்டது எவனோ ஒரு மேய்ப்பன் இழந்த எருமையின் கொம்பு. அது நெற்றியில் இருக்கிறது.

எங்கள் இளம் வேந்தர் பள்ளத்தில் இறங்கியபோது அவர் கையில் தட்டுப்பட்டது ஒரு பல். பல்லை இழுத்தால் தாடை வந்தது. தாடையைத் தோண்டினால் முழுத் தலையே வந்தது. கடப்பாரை கொண்டு அதைப் பெயர்த்து வண்டியில் ஏற்றுவதற்குள் நல்ல நேரம் கழிந்துவிடுமோ என்று சோதிடர் வேர்த்துப்போனார். முறை முறைதானே. மண்டபத்தில் பழைய தலைக்குப் பக்கத்தில் புதிய தலையை இறக்கினார்கள். அவையோர் எழுந்து நின்றார்கள். அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள்: முதல் வேந்தரின் வேல் துளைத்த அதே துளை, கண்குழிக்குப் பின்னே அதே இடத்தில், அதே அளவில், புதிய தலையிலும் இருந்தது.

எல்லாரும் பார்த்தார்கள், தங்கள் தூதர் மட்டும் சிரித்தார்.

அழல்நாகத்தின் முன் சிரிப்பவன் நாவிழப்பான் என்பது எங்கள் பழஞ்சட்டம். அதைச் செயற்படுத்தும் பொறுப்பு படைத்தலைவர் தித்தனாருக்கு. அவையில் பேசியதைப் பேசியபடியே எழுதுவதும் எங்கள் முறையாதலால், பேரரசியார் சொற்களின் கரடுமுரடைப் பொறுத்தருள்க.

தித்தனார் தூதரின் முன்னே வந்து நின்று, “தூதரே, நாக்கைக் கடைசியா ஒருதரம் நல்லா சுழட்டிக்குங்க. அப்புறம் சோறு ருசிக்காது” என்றார்.

“சுழட்டுறேன் ஐயா. ஒண்ணு மட்டும் கேட்டுட்டுச் சுழட்டுறேன். ஒரு வேல் ரெண்டு தலையைத் துளைச்சுது, ரெண்டாவது தலை இத்தனை காலமா மண்ணுக்குள்ள வாயை மூடிக்கிட்டு இருந்துதுன்னா, உங்க முதல் வேந்தர் ஏன் பாதிக் கதையைத்தான் சொன்னார்? அவ்வளவு அடக்கமா அவர்?” என்றார் பனங்கொற்றனார்.

அவையின் பின்வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஓலை எழுதுவோர் அதை இருமல் என்று குறித்துக்கொண்டார்கள்.

வேந்தர் கையமர்த்தினார். தூதர் சொல்வதைச் சொல்லி முடிக்கட்டும் என்றும், முதல் வேந்தர் நாகத்தை உயிரோடு கண்டாரா என்பதே இனி வழக்கு என்றும், கண்டார் என்று முடிந்தால் சட்டம் நடக்கும் என்றும் அருளினார். எட்டு மலைத் தலைவர்களும் முன்வரிசையில் கைகட்டி அமர்ந்திருந்தார்கள். கண்டிலர் என்று முடிந்தால் அவர்கள் எழுந்து போவதற்கு வாயில் திறந்தே இருந்தது. தூதருக்குப் போகவிருந்தது நாக்கு. வேந்தருக்குப் போகவிருந்தது நாடு. இதை இருபத்திரண்டு வயதில் ஒருவர் தெரிந்தே கேட்டார் என்பதை ஓலைநாயகம் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பனங்கொற்றனார் பள்ளத்துக்கு மேலே உள்ள குகைகளைப் பற்றிக் கேட்டார். அங்கே பழங்கால மாந்தர் காவிக்கல்லால் மான், யானை, தேன்கூடு, மரத்திலிருந்து விழுகிற ஒருவன் எனப் பலவற்றைத் தீட்டியிருக்கிறார்கள். ஒரு முள்ளம்பன்றியும் இருக்கிறது. “இத்தாம் பெரிசு ஒண்ணு கண்ணு முன்னாடி திரிஞ்சிருந்தா, காவிக்கல்லை முள்ளம்பன்றிக்கு எவனாவது செலவழிப்பானா?” என்பது அவர் கேள்வி.

“பார்த்தவன் உயிரோட திரும்பலை. திரும்பாதவன் எப்படி வரைவான்?” என்றார் தித்தனார்.

“அப்போ தீ உமிழும்னு உங்ககிட்ட வந்து சொன்னது யாரு? நாகமா?”

மறுபடியும் பின்வரிசை இருமியது. தித்தனார் சிவந்த முகத்தோடு ஓலைநாயகத்தின் பக்கம் திரும்பி, கடல்கடந்து வரும் வணிகர்களும் தத்தம் நாட்டில் இப்படியொரு பெரும்பாம்பு உண்டென்கிறார்களே, காணாமலா இத்தனை நாட்டாரும் ஒரே கதையைச் சொல்வார்கள் என்று படித்தவர் சொல்லட்டும் என்றார்.

ஓலைநாயகம் வழக்கம்போல் தரையைப் பார்த்தார். அந்த எலும்பைத் தூக்கினால் அது எலும்பின் கனமன்று, கல்லின் கனம் என்பது அவர் நினைவுக்கு வந்தது. சோற்றுப்பானை ஓடு எங்கே தோண்டினாலும் மேல்மண்ணில் கிடைக்கிறது. இந்த எலும்போ அதற்கு எவ்வளவோ கீழே, பாறைக்குள் கிடக்கிறது. இரண்டும் ஒருமுறையேனும் ஒன்றாகக் கிடைத்ததில்லை. ஓர் எலும்பு கல்லாக எத்தனை காலம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாது. வேந்தர்களின் தலைமுறைகளால் அளக்கக்கூடிய காலம் அன்று என்பது மட்டும் தெரியும். அப்படியானால் அந்த விலங்கு தன்னைப் பார்த்து அஞ்ச ஒருவருமில்லாத உலகில் தன்பாட்டில் நடந்து, தன்பாட்டில் குட்டி வளர்த்து, தன்பாட்டில் செத்திருக்கிறது. அதற்குப் பெயர்கூடக் கிடையாது. இந்த நினைப்பில் அவர் வழக்கைக் கொஞ்சம் மறந்துபோனார்.

பிறகு அவர், மழை அறுக்கும் பள்ளங்கள் எல்லா நாட்டிலும் உண்டு என்றும், ஒரே வகை எலும்பைக் கண்டவர்கள் ஒரே வகைக் கதையைச் சொல்வதில் வியப்பில்லை என்றும் சொன்னார். மலைத் தலைவர்களுள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“படிச்சவங்க கதை அளப்பாங்க. காயத்தைப் பத்தி எனக்குத் தெரியும்” என்று சொல்லித் தித்தனார் புதிய தலையின் முன் மண்டியிட்டார். முப்பது போர்களில் உடைந்த மண்டைகளைப் பார்த்தவர் அவர். துளைக்குள் விரலை விட்டு விளிம்பைச் சுற்றித் தடவினார். எழுந்து பழைய தலைக்குப் போய் அதையும் தடவினார். திரும்ப வந்து மறுபடி தடவினார். அந்த வேலெறிதலைத் தம் கேடயத்திலேயே தீட்டி வைத்திருப்பவர் அவர்.

“அரசே, ரெண்டு தலையிலயும் இது குத்தின ஓட்டை இல்ல. குத்தினா எலும்பு சிதறியிருக்கும், வெடிச்சிருக்கும். இது கண்குழி மாதிரி வழவழன்னு இருக்கு. பொறக்கும்போதே இருந்த ஓட்டை” என்றார். பொய் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

அவையில் ஒருவரும் இருமவில்லை. மலைத் தலைவர்களுள் மூத்தவரான கொல்லிமுடியார் எழுந்தார். முதல் வேந்தர் எதையும் கொல்லவில்லை என்றால், தம் முன்னோர் இத்தனை காலம் யாருக்கு வணங்கினார்கள் என்று தமக்குச் சொல்லப்பட வேண்டும் என்றார். தூதர் பனங்கொற்றனாரின் முகத்திலும் அப்போது சிரிப்பு இல்லை. தம் நாக்கைக் காக்கப் போய் எவ்வளவு பெரிய சுவரை இடித்துவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

வேந்தர் முதல் வேந்தரின் வேலைக் கொண்டுவரச் சொன்னார். அது பட்டுறையிலேயே இருப்பது. முடிசூட்டு நாளில் மட்டும் வெளிவருவது. அதன் நுனி பக்கவாட்டில் வளைந்து மடிந்திருக்கும். நாகத்தின் தோல் அவ்வளவு கடினம் என்று பாணர்கள் பாடுவார்கள். வேந்தர் அதைத் தித்தனாரிடம் நீட்டி, எதில் பட்டால் இரும்பு இப்படி மடியும் என்று கேட்டார்.

தித்தனார் வெகுநேரம் பார்த்துவிட்டு, “சதையில பட்டா மடியாது அரசே. பாறையில பட்டிருக்கு. முழு வீச்சுல பட்டிருக்கு” என்றார்.

அப்போது வேந்தர் சொன்னதை ஓலைநாயகம் ஒரு சொல்லும் மாறாமல் நினைவு வைத்திருப்பதாகவே நம்புகிறார். “அப்படின்னா அவர் எறிஞ்சிருக்கார். மழை விட்ட பள்ளத்துல ஒத்தை ஆளாப் போறார். மண்சுவர்லேருந்து இந்தத் தலை வாயைத் திறந்துக்கிட்டு எட்டிப் பார்க்குது. அது செத்ததுன்னு அவருக்கு யார் சொன்னா? நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, கொல்லிமுடியாரே?”

கொல்லிமுடியார் எண்பது வயதைக் கடந்தவர், நின்றபடியே யோசித்தார். “ஓடியிருப்பேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “வேட்டியை விட்டுட்டு ஓடியிருப்பேன்” என்றும் சேர்த்துக்கொண்டார். இந்தமுறை அவை சிரித்ததை இருமல் என்று எழுத ஓலை எழுதுவோருக்கே துணிவு வரவில்லை. சிரிப்பு அடங்கியதும் கிழவர் படியேறிப் போய் அந்த வேலின் காம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மற்ற எழுவரும் அவர் பின்னே போனார்கள்.

பிறகு தீர்ப்பு. மாந்தர் எவரும் அழல்நாகத்தை உயிரோடு கண்டதில்லை என்றும், கதையைச் சொன்ன முதல் வேந்தர் பொய்யர் அல்லர் என்றும், இரண்டும் ஒருசேர உண்மை என்றும் வேந்தர் அருளினார். சட்டம் அழல்நாகத்தின் முன் சிரிப்பவனுக்கே. மண்டபத்தில் கிடப்பதில் அழல்நாகம் எது என்று காட்டும்படி படைத்தலைவருக்கு ஆணையானது. தித்தனார் ஏழு கால்களையும் இரண்டு தலைகளையும் எருமைக் கொம்பையும் சுற்றிவந்து, “தனித்தனியா எடுத்து வெச்சா நாகம்னு மிச்சம் ஒண்ணும் இல்லையே அரசே” என்றார். ஆகவே குற்றமும் இல்லை. உண்மையான அழல்நாகம் வந்து சேரும் நாளில் அதன் முன் சிரிப்பவரைச் சட்டம் பார்த்துக்கொள்ளும்.

பேரரசியாரின் குலமுதல்வர் சுறாவின் முதுகிலேறிக் கரைசேர்ந்தவர் என்பதை நாங்கள் ஒருபோதும் விசாரித்ததில்லை, இனியும் விசாரிக்கமாட்டோம். சுறா உயிரோடு இருந்ததா என்று தூதர் திரும்பும் வழியில் தாமாகவே யோசிக்கத் தொடங்கினால் அதற்கு எங்கள் நாடு பொறுப்பன்று.

ஆக, எல்லாருக்கும் ஆனது இது. வேந்தர் முடிசூடி ஆள்கிறார். மலைத் தலைவர்கள் அவரவர் மலைக்குத் திரும்பித் திறையோடு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். தித்தனார் தம் கேடயத்தின் ஓவியத்தில் தீயை மட்டும் அழித்துவிட்டு, வேலெறிபவரை அப்படியே விட்டிருக்கிறார். பாட்டை மாற்றச் சொன்னதற்குப் பாணர்கள் முணுமுணுத்துக்கொண்டே மாற்றுகிறார்கள். நாகம், சேர்த்ததை எடுக்கக் கூடாதாகையால், இரண்டு தலையோடு மண்டபத்திலேயே கிடக்கிறது. பொறையனார் மாலைகளில் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். பனங்கொற்றனார் இந்த ஓலையோடு புறப்பட்டுவிட்டார். நாக்கு முழுதாக இருக்கிறது, இங்கிருந்த நாளெல்லாம் ஓயவும் இல்லை.

எல்லைக் காவலர் அவரை நிறுத்தாமல் விடுக. சுங்கத்தார் அவர் மூட்டையைத் திறக்காமல் விடுக. வழியிலுள்ள ஊரார் அவருக்கு நீரும் நிழலும் தருக. வேந்தர் கேட்டு ஒப்ப, ஓலைநாயகம் எழுதி, மடிந்த நுனி வேலும் அதன் கீழ்ச் செம்மண் பள்ளமும் பொறித்த புதிய முத்திரை இட்டது. அவ்வாறே ஆகுக.