லட்டு பால் குடிக்கவில்லை

திருவிடைமருதூர்
மார்கழி

அன்புள்ள ஜாஹித் அண்ணனுக்கு,

பிரகதீஸ்வரி எழுதுகிறேன். ஷார்ஜாவில் நீங்கள் சுகம்தானே? பட்டுக்கோட்டையிலிருந்து உங்கள் அம்மா அடிக்கடி என்னை விசாரிக்கிறார்கள். இங்கே போனில் பேசினால் கூடம் முழுக்கக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

உங்கள் நண்பர் இல்லாமல் பொங்கல் வரப்போகிறது. குறுவை அறுப்புச் சமயத்தில் நெல் லாரி மோதி இறந்தவரை, துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பாம்பு கடித்ததா என்று கேட்டார்கள். லாரி என்றாலும் விடவில்லை. வீட்டுக்குள்ள பாம்ப வச்சிருந்தா லாரி வராம என்ன செய்யும் என்று ஒரு அம்மா என் காதுபடவே சொன்னார். உங்கள் நண்பர் இருந்து கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை அண்ணா.

நீங்கள் இருவரும் சென்னைக்குப் போய் வாங்கிவந்த லட்டு நலம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று இரண்டு தட்டு கேசரி சாப்பிட்ட மனிதர், வீட்டில் ஒரு மலைப்பாம்பு இருப்பதை மட்டும் வாயே திறக்கவில்லை. ஆப்பிரிக்கப் பாம்பு, விஷம் கிடையாது, அரசாங்கத்தில் பதிந்தே வைத்திருக்கிறேன் என்றெல்லாம் தாலி கட்டிய பிறகுதான் சொன்னார். அவர் இருந்தவரை நான் அதைத் தொட்டதில்லை. இப்போது பெட்டியைச் சுத்தம் செய்ய வேறு யாரும் இல்லை. வழவழவென்று ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தறியிலிருந்து எடுத்த பட்டு மாதிரி காய்ந்து, குளிர்ச்சியாக இருந்தது. என்னைக் கண்டு அதுதான் பயந்தது. தலையை உள்ளே வைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிட்டது. இதற்குப் போய் ஊரே பயப்படுகிறதே என்று அழுகை வந்தது.

அவர் போனதிலிருந்து அது இரையெடுக்கவில்லை. குளிர்காலத்தில் இந்த வகைப் பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், பயப்படாதே என்று நீங்கள் செய்தி அனுப்பினீர்கள். சரிதான். ஆனாலும் துக்கத்தால்தான் சாப்பிடவில்லை என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் குழந்தை இல்லாததற்கு நாகதோஷம் என்று திருநாகேஸ்வரத்துக்கு எத்தனை முறை அழைத்துப்போயிருப்பார்கள்! போன வெள்ளிக்கிழமை அவர்களே ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றி, லட்டுவின் பெட்டிக்குள் வைத்துக் கும்பிட்டார்கள். பாம்பு பால் குடிக்காது என்று அவர்கள் பிள்ளை நூறு தடவை சொன்னதுதான். நானும் சொன்னேன். மறுநாள் பால் திரிந்து அப்படியே இருந்தது. இன்னும் உனக்குக் கோவம் தீரலையா என்று பெட்டிமுன் உட்கார்ந்து அழுதார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பட்டினியைப் பார்க்கப் பொறுக்காமல் கும்பகோணம் போய் வெள்ளை எலி வாங்கிவந்து வைத்தேன். லட்டு சாப்பிட்டுவிட்டது. சந்தோஷத்தில் உங்கள் நண்பரைக் கூப்பிடத் திரும்பினேன். வாசற்படியில் அத்தை நின்றிருந்தார்கள். பால் வேணாம், உசுருதான் வேணுமா உனக்கு என்று கேட்டார்கள். லட்டுவைக் கேட்டார்களா, என்னைக் கேட்டார்களா, தெரியவில்லை.

மாமா முடிவு செய்துவிட்டார். தை பிறந்ததும் லட்டுவைக் காவிரிக் கரையில் கொண்டுபோய் விடப்போகிறாராம். இந்தப் பனியில் அது தாங்காது. தாங்கினாலும், உடம்பில் திட்டுத் திட்டாக இருப்பதைப் பார்த்துக் கண்ணாடி விரியன் என்று முதலில் பார்ப்பவரே அடித்துவிடுவார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, விரியனுக்கு ஆள் பறிகொடுத்த வயல்கள்தானே நம்முடையவை. மாமாவிடமும் எனக்குக் கோபமில்லை. லாரி போய்விட்டது. கோபப்பட அவருக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பது லட்டுவும் நானும்தான்.

மன்னார்குடியிலிருந்து என் அண்ணன் பொங்கல் கழிந்ததும் என்னை அழைத்துப்போக வருகிறார். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா என்கிறார்கள். என் புடவைகளை எல்லாம் அத்தையே மடித்து வைத்துவிட்டார்கள். லட்டுவைத்தான் அங்கே சேர்க்கமாட்டார்கள்.

நீங்கள் பொங்கலுக்கு முன்பே விடுப்பில் வருவதாக உங்கள் அம்மா சொன்னார்கள். வந்ததும் முதல் வேலையாக இங்கே வந்து லட்டுவை எடுத்துப்போங்கள் அண்ணா. உங்கள் தங்கை ஆஷிகாவுக்குப் பயமில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். மாமாவிடம் வாதாடாதீர்கள். சும்மா கேளுங்கள், கொடுத்துவிடுவார்.

புது இடத்தில் லட்டு சுருண்டுகொள்ளும். பிரித்துப் பார்க்காதீர்கள். பக்கத்தில் கையை வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதும், அதுவே மெல்லத் தலையை நீட்டும். அவர் அப்படித்தான் செய்வார். புதுப் பெண்ணாக இந்த வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்த என்னிடமும் அப்படித்தான் இருந்தார்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள் தங்கை,
பிரகதி