பத்து டிகிரி

புதன், ஜூலை 9.

தரமணி பயிற்சிக்கூடத்தில், தண்டைச் சுழற்றிக்கொண்டே வெட்டும் மில்லிங் மெஷின் ஒன்றுதான் இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் அதற்கு ஒருவரை வேலைக்கு எடுப்பார்கள். நானா, சாந்தோமிலிருந்து வரும் ஜெரோமா என்பதுதான் பேச்சு.

தண்டைச் சுற்றித் திருகுபோல் ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். ஜெரோமின் புரோகிராமை நேற்றே பார்த்தேன். 350 டிகிரிக்கு அடுத்து 10 என்று போட்டிருந்தான். ஒரு சுற்றான 360-ஐத் தாண்டியும் எண்ணிக்கொண்டே போய் 370 என்று போட வேண்டும். 10 என்றால் தண்டு வந்த வழியே திரும்பச் சுழலும். நானும் முதலில் அதே தப்பைச் செய்து, திரையில் ஓட்டிப் பார்த்துத் திருத்தியவன்தான். அவனிடம் சொல்லவில்லை.

இன்று சார் முன்னால் ஓட்டினான். தண்டு பின்னோக்கிச் சுழன்றது. கட்டர் பள்ளத்தின் குறுக்கே கோடு கிழித்தது. என் வயிறு குளிர்ந்தது. இங்கேயாவது அதை எழுத வேண்டும்.

அவன் சட்டென்று நிறுத்தினான். "ரிவர்ஸ் கியர் போட்டுட்டேன் சார்" என்று சிரித்தான். நின்றபடியே திருத்தி, வேறு தண்டில் ஓட்டினான். பள்ளம் அழகாக வந்தது.

என் புரோகிராமைப் பார்த்த சார், "சரியா இருக்கு" என்றார். அவனிடம், "தப்பு வந்தப்ப கை நடுங்கல பாரு. இந்த மெஷின நீயே பாத்துக்கோ" என்றார்.

ரயில் நிலையத்தில் ஜெரோம் டீ வாங்கித் தந்தான்.

"இன்னா மச்சி, மூஞ்சி தொங்கிக்கினு கீது? நாளைக்கு வா, உன்னுதையும் என் மெஷின்ல ஓட்டிப் பாக்கலாம்."

என் மெஷின் என்றான். ஒரே நாளில்.