கொளுத்துவேன் என்று சொன்னவன்

கொல்லம் 1104, மாசி 3

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்த நோட்டிலாவது சொல்லிவிடுகிறேன்.

நேற்று இஸ்ரவேலுக்கு இரண்டு வருஷம் கடுங்காவல் விதித்தார்கள். வைகுண்டராஜனின் வைக்கோல் படப்புக்குத் தீ வைத்தானாம். வைத்ததைக் கண்டவர் யாருமில்லை. என் சாட்சியே போதுமாயிருந்தது.

போன வருஷம் தையில், தீப்பிடித்ததற்கு முந்தைய நாள் தண்ணீர்முறைக்காக மடையில் இருவரும் சண்டை போட்டதைப் பார்த்தேன். "உன் குடியக் கொளுத்திப்போடுவேம்லே" என்றான் இஸ்ரவேல். கோர்ட்டில் அதைச் சொன்னேன். "வெறும் பேச்சுக்குச் சொல்லியிருக்கலாமே?" என்று அவன் வக்கீல் கேட்டார். "சொன்னதற்குச் சொன்னதுதான் பொருள்" என்றேன். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு உவமையும் உருவகமும் நடத்துகிறவன் நான்.

தண்ணீர் குறையும் தை மாசத்தில், மடைக்கரையில் நின்று இப்படிக் கத்தாதவன் எங்கள் கொட்டாரம் ஊரில் யார்? தலையை வெட்டுவேன் என்பான். மறுநாள் அவனிடமே வெற்றிலை வாங்கிப் போடுவான்.

மாசி 4

தெரிந்தேதான் சொன்னேன்.

மாசி 6

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், தலைமை வாத்தியார் வேலை எனக்குக் கிடைக்க இருந்த சமயம். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் இஸ்ரவேல் எழுந்து, "இந்த வாத்தியாருக்குப் பாட்டுத்தான் வரும், பாடம் வராது" என்றான். மேனேஜர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். வேலை வேறொருவனுக்குப் போயிற்று.

அதுவும் வெறும் பேச்சுதானோ? இருக்கலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மாசி 9

இஸ்ரவேலின் மனைவி லீமா பள்ளிக்கூட வாசலில் நின்றாள். அழவில்லை.

"வாத்தியாரய்யா, எம் பிள்ளையள நாளொண்ணுக்கு நூறு தடவ கொன்னுபோடுவேம்னு சொல்லுதேன். நாலும் உயிரோடதானே இருக்கு?"

"கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியாச்சும்மா."

"கோர்ட்டுக்குத் தெரியாது. ஒமக்குமா தெரியாது?"

மணி அடித்தது. உள்ளே போய்விட்டேன்.

மாசி 11

இன்னொன்றையும் மறைத்தேன். அன்று மடையில் இஸ்ரவேல் கத்தியதும் வைகுண்டராஜன் சிரித்துக்கொண்டே, "கொளுத்துலே மக்கா, குளிருக்கு நல்லாக் காயலாம்" என்றான். பயந்தவன் அப்படியா பேசுவான்?

இன்று வயலில் அவனைப் பார்த்து, "அப்பீலிலாவது இதைச் சொல்லும்" என்றேன்.

"படிச்ச நீரே சொல்லல்ல. நான் எதுக்குவே சொல்லணும்?" மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான்.

மாசி 14

திங்கட்கிழமை அப்பீல் மனு. மடையில் கேட்ட இரண்டு பேச்சையும், நான் கோர்ட்டில் விழுங்கியதையும் இஸ்ரவேலின் வக்கீலுக்கு எழுதிவிட்டேன். கீழே பெயர் எழுதக் கை வரவில்லை. எழுதினால், சத்தியம் பண்ணி மறைத்தவன் என்று என்னைக் கூண்டில் ஏற்றுவார்கள். வேலையும் போகும். பெயரில்லாத கடிதத்தை எந்தக் கோர்ட்டும் சாட்சியாக எடுக்காது. அதுவும் தெரியும்.

என் எழுத்தென்று அடையாளம் தெரியாதபடி இடது கையால் நகல் எடுத்து முடித்தேன். காலையில் அஞ்சல் பெட்டியில் போடுவேன். பெயர் போடப்போவதில்லை.