மீதிப் பேச்சு

விம்கோ நகர்,
செப்டம்பர் 8

அன்புள்ள அஜீசாவுக்கு,

ஹெப்சிபா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் சின்னக்குட்டியும் நலம்தானே. இங்கே நான் நலம். அம்மாவின் மூட்டுவலி அப்படியே இருக்கிறது, அடுக்களை ஜன்னலில் கரித்தூளும் அப்படியே இருக்கிறது. துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி படிந்திருக்கிறது. திருச்சிக்குப் போனவளுக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கப்போகிறது, மகராசி.

இந்தக் காலத்தில் எவளடி கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். வாட்ஸப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விடுவாய். அதோடு, கொஞ்ச நாளாக எனக்குப் போனைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். திருவொற்றியூர் மார்க்கெட் பக்கத்தில், ஒரு மாடியில், கப்பல் வேலைக்குப் போகிற பையன்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். நடத்துகிறவர் கிருஷ்ணப்பன், சரக்குக் கப்பலில் சமையல்காரராக உலகம் சுற்றியவர். அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. இன்டர்வியூவில் எது கேட்டாலும் முதலில் 'யெஸ் சார்'. புரிந்தாலும் யெஸ் சார், புரியாவிட்டாலும் யெஸ் சார். "நோ சொன்னவன் நேரா வூட்டுக்குத்தான் வந்தான் டீச்சர்" என்பார். வந்த முதல் நாளே பையன்களுக்கு அதைத்தான் பழக்குகிறேன். கேள்வி கேட்பது நானாக இருந்தாலும் அவர்களுக்கு நான் சார்தான். அது பலிக்கவும் செய்கிறது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் ஹார்பர் கூலி வீட்டுப் பிள்ளைகளும் நிறையப் பேர் கப்பல் ஏறிவிட்டார்கள்.

அப்படி ஏறியவர்களில் ஒருவன் நெல்சன். காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற லூயிஸ் அண்ணனின் மகன். ஜூலை மாதம் புயலில், ஆப்பிரிக்கா பக்கம் எங்கேயோ, கப்பலிலிருந்து கடலில் விழுந்துவிட்டான். உடல் கிடைக்கவில்லை.

போன வாரம் அவன் அம்மா சிலுவையம்மாள் மாடிப்படி ஏறி வந்தார். மீன் கூடையைக் கீழே வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தார். எனக்கு இங்கிலீசு சொல்லிக் கொடு என்றார். எதற்கம்மா என்று கேட்டேன். நடந்தது இதுதான். கம்பெனியில் விசாரணை செய்த கேப்டன் ஒருவர் மும்பையிலிருந்து பேசினாராம். ஏஜென்ட் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னானாம். "அந்தாளு அம்மாம் நேரம் பேசுனான் டீச்சரம்மா. இவன், 'தேடிட்டாங்கம்மா, கெடைக்கல'ன்னு இத்துனூண்டு சொல்றான். மீதிய இன்னா பண்ணான்?" என்று என்னையே கேட்டார். வேறு ஒரு ஆளை வைத்து இன்னொரு முறை பேசினாராம். அவனும் அழுகிற முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் அதே ஒரு வரியைத்தான் சொன்னானாம். இனி நடுவில் யாரும் வேண்டாம், நானே கேட்டுக்கொள்கிறேன் என்கிறார்.

பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டப் படித்ததோடு சரி. ஆங்கிலத்தில் எண்கள் தெரியும், பஸ் போர்டு படிப்பார். இவருக்கு நான் எங்கிருந்து ஆரம்பிக்க? நாம் பி.எட். படித்தபோது 'கற்பவரின் தேவை' என்று ஒரு பாடம் வந்ததே, தேர்வில் நீ எழுதியதை எட்டிப் பார்த்துத்தான் நான் எழுதினேன். பார்த்து எழுதினால் மண்டையில் எங்கே ஏறும்? நீ இப்போது அதே பாடத்தை ஆசிரியர் ஆகப்போகிற பிள்ளைகளுக்கு நடத்துகிறாய். எனக்கும் கொஞ்சம் நடத்து.

இன்னொன்றும் கேட்டார். வகுப்பில் ஒவ்வொரு பையனையும் நான் கேள்வி கேட்டு, அவன் பதில் சொல்வதை என் போனில் பதிவு செய்து வைப்போம். நெல்சனுடையது இருக்கிறதா என்றார். இருக்கிறது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்துதான் அந்தப் போனைத் தொடப் பிடிக்கவில்லை.

சீக்கிரம் எழுது.

உன்,
ஹெப்சிபா

*

விம்கோ நகர்,
அக்டோபர் 11

அன்புள்ள அஜீசாவுக்கு,

நீ அனுப்பிய பட அட்டைகள் வந்து சேர்ந்தன. கோபித்துக்கொள்ளாதே, அவை உதவவில்லை. மீன் படத்தைக் காட்டி இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டேன். சிலுவையம்மாள் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "கண்ணு செத்துக் கீதே, ஐஸ்ல வெச்ச மீனு, இத யாரு உன் தலைல கட்டுனது?" என்றார். பையன்கள் சிரித்தார்கள். அவர் அந்த அறையில் இருக்கும்போது அவர்கள் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

படமும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம் என்றுவிட்டார். நெல்சனின் பதிவைப் போடச் சொல்கிறார். அவன் ஒரு வரி சொல்ல, நிறுத்தி, அதே வரியை இவர் சொல்கிறார். மை நேம் இஸ் நெல்சன். ஐ ஆம் ஃப்ரம் திருவொற்றியூர். அம்மா, உங்கள் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள் என்றேன். "அவன் சொல்ற மாறியே சொல்றேன், வுடு" என்றார். அவன் இழுக்கிற இடத்தில் இழுக்கிறார், அவன் இருமிய இடத்தில் நிறுத்துகிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரே ஆள் இரண்டு வெவ்வேறு வயதில் பேசுகிற மாதிரி இருக்கிறது. நெல்சனோடு ஒன்றாக வகுப்பில் சேர்ந்து இன்னும் கப்பல் கிடைக்காதவன் ரவிக்குமார், எர்ணாவூர் பையன். அவன் இப்போதெல்லாம் அவர் போன பிறகுதான் மேலே வருகிறான்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, அஜீசா. அந்தப் பதிவில் கேள்வி கேட்பது என் குரல். நீச்சல் தெரியுமா, யெஸ் சார். ராத்திரி வேலை செய்வாயா, யெஸ் சார். அரிசி களையும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, என் குரல் கேட்கிறது, அவன் பதில் சொல்கிறான். ஒருநாள் எங்கள் சர்ச்சில் பாதிரியார் ஏதோ கேட்டதற்கு நானே யெஸ் சார் என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

இப்போது உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. அந்தப் பதிவில் ஒரு இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். உயரம் என்றால் உனக்குப் பயமா என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன், நெல்சன் கணீரென்று யெஸ் சார் என்றான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே அதை அழிக்காமல் வைத்திருந்தோம். சிலுவையம்மாள் அங்கே நிறுத்தி, இன்னா கேட்ட, ஏன் சிரிச்சாங்கோ என்றார். சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. "கோயில் திருநாளுக்குக் கோபுரத்து உச்சில சீரியல் பல்பு கட்டுனவன் அவன். அவனுக்கு இன்னா ஒசரத்துல பயம்? அப்ப நீ கேட்டது அவனுக்குப் புரியல" என்றார். இன்டர்வியூவில் அப்படிச் சொல்வதுதான் வழக்கம் என்றேன். போனை என் பக்கம் தள்ளினார். பிறகு, "எனக்கு மொதல்ல அத்தச் சொல்லிக் குடு. புரியல, திருப்பிச் சொல்லுன்னு கேக்கணும்" என்றார்.

சொல்லிக்கொடுத்தேன். ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட், ப்ளீஸ் சே அகெய்ன். அன்றைக்குத்தான் கவனித்தேன், இத்தனை வருஷத்தில் இந்த வரியை நான் ஒரு பையனுக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கிருஷ்ணப்பனிடம் சொன்னபோது, அதைச் சொன்னால் எவன் வேலை கொடுப்பான் என்றார். இந்த அம்மாள் வந்துபோவதே பையன்களுக்குப் பேஜாராக இருக்கிறது, தீபாவளியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். நான் நிறுத்தவில்லை.

நேரமும் அதிகம் இல்லை. நவம்பர் இரண்டாம் தேதி, கத்தோலிக்கர்களான இவர்களுக்குக் கல்லறைத் திருநாள். செத்தவர்கள் பெயரைக் கோயிலில் எழுதிக் கொடுப்பார்கள், பூசையில் சாமியார் அதை வாசிப்பார், சாயந்திரம் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். எங்கள் சபையில் பெயர் வாசிக்கிற வழக்கம் இல்லை, உங்களிடமும் இருக்காது, அதனால் சொல்கிறேன். லூயிஸ் அண்ணன் நெல்சன் பெயரைக் கொடுக்கவேண்டும் என்கிறார். பூசை இல்லாமல் பையனின் ஆத்துமா கடலிலேயே அலையும் என்று அழுகிறாராம். சிலுவையம்மாள், நான் என் காதால் கேட்கிறவரைக்கும் அவன் பேரை யாரும் வாசிக்கக்கூடாது என்கிறார். வீட்டில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. அந்தத் தேதிக்குள் கேப்டனோடு பேசிவிடவேண்டும் என்று ஏஜென்டிடம் நேரம் வாங்கிவிட்டார்.

அவர் கேட்கப்போகிற கேள்வியையும் என்னிடம் சொல்லிப் பழகுகிறார். உடம்பைப் பற்றி இல்லை, நஷ்டஈட்டைப் பற்றி இல்லை. கடைசியாக என் மகனோடு பேசியது யார், என்ன சொன்னார், அவனுக்குப் புரிந்ததா. அவ்வளவுதான். இதை நான் கற்றுக்கொடுத்துவிடுவேன். வரப்போகிற பதிலுக்கு அவரை எப்படித் தயார் செய்வது என்றுதான் தெரியவில்லை. என்னை நான் தயார் செய்துகொள்வது அதைவிடப் பெரிய பாடாக இருக்கிறது.

உன்,
ஹெப்சிபா

*

விம்கோ நகர்,
நவம்பர் 3

அன்புள்ள அஜீசாவுக்கு,

பேசிவிட்டார்.

வகுப்பறையில் வைத்துத்தான் பேசினோம், மத்தியானம், பையன்கள் யாரும் இல்லாத நேரம். லூயிஸ் அண்ணன் கதவோரம் நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சிலுவையம்மாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் வாயைத் திறக்கக்கூடாது, என்ன கேட்டாலும் தமிழில் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். தலையைச் சீவி, கோயிலுக்குக் கட்டுகிற புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

கேப்டன் கெட்ட மனிதர் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் காகிதத்தைப் பார்த்து வாசிக்கிற ஆங்கிலம். எனக்கே பாதி புரியாமல் ஓடிவிட்டது. இவர் முழுதும் கேட்டுவிட்டு, ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட், ப்ளீஸ் சே அகெய்ன் என்றார். அவர் மறுபடி அதையே வாசித்தார். இவரும் மறுபடி அதையே சொன்னார். குரல் ஏறவில்லை, அழுகை வரவில்லை. ஒவ்வொரு முறையும் கேப்டனின் சொற்கள் கொஞ்சம் சின்னதாகிக்கொண்டே வந்தன. கடைசியில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார் போலிருக்கிறது. குழந்தையிடம் பேசுவதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். அப்போதுதான் இவர் தன்னுடைய கேள்வியைக் கேட்டார்.

அவர் சொன்னது இது. அலை பெரிதாக இருந்ததால் யாரும் வெளித்தளத்துக்கு வரவேண்டாம், நான் கூப்பிடும்வரை கதவுக்கு உள்ளேயே நில் என்று மேலதிகாரி ஒருவர் நெல்சனிடம் சொல்லியிருக்கிறார். யெஸ் சார் என்றிருக்கிறான். புரிந்ததா என்று இரண்டாம் தரமும் கேட்டிருக்கிறார். யெஸ் சார் என்றிருக்கிறான். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கதவைத் திறந்துகொண்டு, கயிற்றைக் கட்ட வெளியே போயிருக்கிறான். அதனால், உங்கள் மகனுக்குப் புரிந்துதான் இருந்தது மேடம், அவனே சொன்னான் என்றார் கேப்டன்.

சிலுவையம்மாள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. போனைப் பார்த்து, "நோ சார்" என்றார். மறுபடியும், "நோ சார். ஹி நாட் அண்டர்ஸ்டாண்ட்" என்று சொல்லிவிட்டு, அவரே பட்டனை அழுத்தி வைத்தார்.

கதவோரம் நின்றிருந்த லூயிஸ் அண்ணன், இன்னா சொன்னான், இன்னா சொன்னான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சிலுவையம்மாள்தான் அவருக்குத் தமிழில் சொன்னார், ஒரு வார்த்தை விடாமல். சொல்லி முடித்து, "போய்ப் பேரக் குடுத்துட்டு வா" என்றார். நேற்றுப் பூசையில் வாசித்தார்கள். நானும் போயிருந்தேன், கடைசி வரிசையில் நின்றேன். கல்லறை இல்லாததால் வண்ணாரப்பேட்டைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகாமல், கடலோரம் கொட்டிய பாறைகளின் மேல் மெழுகுவர்த்தி வைத்தார்கள். காற்றில் ஒன்றும் நிற்கவில்லை, அண்ணன் திரும்பத் திரும்பக் கொளுத்திக்கொண்டிருந்தார்.

என்னைச் சிலுவையம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அஜீசா. திட்டியிருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேன். அன்று மாடியிலிருந்து இறங்கும்போது படியில் நின்று, "இப்போ படிக்கிற பசங்கோ எப்போ கெளம்புறாங்கோ?" என்று மட்டும் கேட்டார். மாசக் கடைசியில் மும்பை இன்டர்வியூ என்றேன். ரவிக்குமாரும் போறானா என்றார். போகிறான் என்றேன். சரி என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டார்.

இன்று காலை வகுப்பில் ரவிக்குமாரை நிறுத்தி, வேகமாக ஒன்று கேட்டேன். அவன் கை கட்டிக்கொண்டு, நான் பழக்கியபடி, யெஸ் சார் என்றான். நான் என்ன கேட்டேன் என்று தமிழில் சொல் பார்ப்போம் என்றேன். தெரியவில்லை. தெரியவில்லை என்றும் அவன் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். மற்றவர்களையும் கேட்டேன். எல்லோரும் நல்ல பிள்ளைகள், எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கிருஷ்ணப்பன் பின்னாலிருந்து, டீச்சர், இன்டர்வியூ நேரத்தில் இவர்களைக் கலைக்காதீர்கள் என்றார். அவரையும் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. புரியவில்லை என்று சொல்லத் தெரிந்தவனுக்கு வேலை கிடைக்காது, தெரியாதவனுக்குக் கிடைக்கும் என்றால் நான் எதைச் சொல்லிக்கொடுக்க?

நீ டிசம்பரில் வருவதாக எழுதியிருந்தாய். டிசம்பர் வேண்டாம், இந்த மாதமே வா, பையன்கள் கிளம்புவதற்கு முன்னால். உன் பாடக்குறிப்பு, அட்டை எதுவும் எடுத்துவர வேண்டாம். வந்து என் வகுப்பில் பின்பக்கம் ஒரு நாள் உட்கார். நான் நிற்கிற இடத்தையும் அவர்கள் உட்கார்ந்திருக்கிற விதத்தையும் பார். உன் கல்லூரியில் ஆசிரியர் ஆகப்போகிற பிள்ளைகளையும் முடிந்தால் கூட்டிவா. எனக்கு ஆறுதல் சொல்லாதே, உன் தப்பு இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே, அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

சின்னக்குட்டியைப் பள்ளியில் சேர்த்திருப்பதாக எழுதியிருந்தாய். டீச்சர் என்ன கேட்டாலும் தலையாட்டிவிட்டு வருகிறாள், ரொம்ப சமத்து என்று பெருமைப்பட்டிருந்தாய். கர்த்தர் அவளை நன்றாக வைக்கட்டும். அவள் வளர்ந்து, எவ்வளவு பெரியவர் முன்னால் நின்றாலும், எனக்குப் புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிற பெண்ணாக இருக்கட்டும்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
ஹெப்சிபா