மாமி சுற்றிய முற்றம்

2024 மார்ச் 9, சனி

கோயில் முற்றத்துக்கு இன்ரலொக் கொங்கிரீட் கல் பதிக்கும் படத்தை இன்று வரைந்து முடித்தேன். இரண்டு வேம்பையும், அவற்றைச் சுற்றி மணலையும் விட்டிருக்கிறேன். நகரசபைக் கந்தோர் வேலையாக முந்தாநாள் மத்தியானம் சூடு அளக்கும் கருவியோடு திரிந்தேன். பஸ் நிலையத்தில் பதித்த இதே கல்லில் 57 பாகை காட்டியது. வருகிற வழியில் எங்கள் வேம்பின் கீழ் மணலுக்குப் பிடித்தேன், 33. இரண்டையும் ஒரு கடுதாசியில் குறித்து வைத்தேன்.

மார்ச் 10

ஞாயிறு பூசை முடிந்து பங்குச் சபைக் கூட்டம். இக்னேசியஸ் சேர்தான் தலைவர். கந்தோரில் எனக்கு மேலதிகாரியும் அவரே.

"என்ன தர்ஷனா, வேம்பு நிண்டா சருகு கூட்டியே சாகவேணும். காகம் மாதா சுரூபத்துக்கு மேல எச்சம் போடுது. ரெண்டையும் எடுத்துவிடும்."

கடுதாசி கைப்பைக்குள் இருந்தது. என் நியமனத்தை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேசையில் இருக்கிறது. "ஓம் சேர்" என்றேன்.

மார்ச் 11

அழித்தேன். இரண்டு வட்டம்தானே.

மே 20

வேம்பும் மணலும் போய், முற்றம் முழுக்கக் கல், பளிச்சென்று இருக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுஹைராவுக்கு மட்டும் இல்லை. "உங்கட கோயில் முத்தத்து வெக்கை இராவில இஷா தொழுது முடிஞ்சும் எங்கட சுவரில நிக்குது. ஃபேன் போட்டா அந்த வெக்கையைத்தான் சுத்தி அடிக்குது" என்றாள்.

சுடுகிற கச்சான் காற்றுத்தான் என்று சமாளித்தேன். கச்சான் போன வருஷமும்தானே அடித்தது? பகலில் கல் குடிக்கும் வெயில் இருட்டிய பிறகுதான் வெளியே வரும் என்று பரீட்சைக்குப் படித்தவள் நான்.

ஜூன் 28

நிரந்தரக் கடிதம் கிடைத்தது. மாமி அழுதேவிட்டார். அவர் மகன், என் கணவர், கப்பல் வேலையில்; வீட்டில் நானும் மாமியும்தான், கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். எனக்காக நேர்த்தி வைத்திருந்தாராம். திருநாளன்று சுரூபத்துக்குப் பின்னால் வெறுங்காலோடு கோயிலை மூன்று சுற்று.

அந்தக் கல்லில் வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஏன் என்று கேட்டால்? ஊர்வலம் காலமை எட்டு மணிக்கு முன்னம் முடிந்துவிடும், பரவாயில்லை.

ஜூலை 14

சுரூபம் புறப்படப் பன்னிரண்டு மணியாகிவிட்டது. முதல் சுற்றிலேயே சனம் துள்ளித் துள்ளி மதில் ஓரத்துத் துண்டு நிழலுக்குப் போய்விட்டது. மாமி மட்டும் நடு முற்றத்தால் நடந்தாராம், மூன்று சுற்றும்.

"மாகிரட் அக்காவின்ர விசுவாசத்தைப் பாருங்கோ" எண்டு மாமியைத்தான் எல்லாரும் சொல்லிச்சினம். என்ன விசுவாசம்? பத்து வருஷமாச் சீனி வருத்தம் — அந்தக் காலுக்குச் சூடே தெரியாது! அது எனக்குத் தெரியும். கல்லும் தெரியும். நான் செருப்போட முன்னுக்குப் பாடிக்கொண்டு போனனான், ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கேல்லை.

பின்னேரம் மாமியின் காலைக் கழுவிவிட்டேன். துடைத்தபோது துவாயோடு தோல் வந்தது.

ஆகஸ்ட் 3

ஆஸ்பத்திரி. வலது கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். "ஆண்டவரின்ர சித்தம்" என்கிறார் மாமி. இல்லை. என் படம்.

ஆகஸ்ட் 19

சொல்லிவிட்டேன். கடுதாசியையும் காட்டினேன். மாமி கண்ணாடி போட்டு இரண்டு எண்ணையும் வாசித்தார்.

"என்ர காலுக்குத் தெரியேல்லை. உமக்குத் தெரிஞ்சிருந்ததே, பிள்ளை."

இரவு தன் சாப்பாட்டைத் தானே போட்டு, அறைக்குள் கொண்டுபோய்ச் சாப்பிட்டார்.

செப்ரெம்பர் 1

கூட்டத்தில் எழுந்து கடுதாசியை வாசித்தேன். "அப்ப அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் இக்னேசியஸ் சேர். உண்மைதான். சொல்லியிருக்கலாம்.

2025 பெப்ரவரி 2

ஒரு பக்க ஓரமாக மூன்றடி அகலத்துக்குக் கல்லைக் கிளப்பி மணல் போட்டாயிற்று. மற்றதற்குச் சபை இன்னும் யோசிக்கிறதாம். நான்கு வேப்பங்கன்று நட்டோம். சுஹைரா தண்ணீர் ஊற்ற மதிலுக்கு மேலால் குழாய் தந்தாள்.

ஜூலை 13

திருநாள். கன்றுகள் முழங்காலளவுதான், நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. மாமி செருப்போடு, என் தோளைப் பிடித்தபடி சுற்ற வந்தார். நான் வெறுங்காலோடு நடு முற்றத்தால் நடந்தேன். யாரும் நடக்கச் சொல்லவில்லை. இரண்டாம் சுற்றில் கண் கலங்கிவிட்டது.

"சுடுதோ, பிள்ளை?"

"ஓம், மாமி."

தோளைப் பிடித்திருந்த கையாலேயே என்னை மணல் பக்கம் தள்ளினார்.

"ஓரத்தால நட."