அனுப்பினேன் என்று மட்டும் சொன்னேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் படியேறக் கூடாது என்று டாக்டர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் துணி காயப்போட மாடிக்குப் போகிறார், நீயாவது சொல். ரெண்டு வாரமாக நான் போனில் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அவரிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். பேசினால் அழுகை வரும், இல்லாவிட்டால் கோபம் வரும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆபீசில் மாதம் ரெண்டு தடவை எல்லோருக்கும் ஒரு செய்திமடல் அனுப்புவேனே, நீகூட அம்மாவின் பத்திரிகை என்று கிண்டல் செய்வாய். ஈமெயில் மென்பொருளில் புதிதாக என்ன வந்திருக்கிறது, எந்தப் பட்டன் எங்கே இடம் மாறியிருக்கிறது, தவறாக அனுப்பியதை எத்தனை நொடிக்குள் நிறுத்தலாம், இலவசப் பாடங்கள் எங்கே கிடைக்கும், ஒருத்தர் பிறந்தநாள் வாழ்த்துக்கு முந்நூறு பேருக்கும் சேர்த்து நன்றி சொல்லாதீர்கள், இப்படி. பதினொரு வருஷம் யாரும் கேட்காமலேயே செய்தேன். முன்பெல்லாம் அது போன மறுநாள் யாராவது என் மேசைக்கு வந்து சந்தேகம் கேட்பார்கள். போன வருஷம் புது மென்பொருள் வந்த பிறகு ஒருத்தரும் வரவில்லை. எல்லோரும் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள், இனி நான் எதற்கு என்று பொருமிக்கொண்டே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

சரக்கு அனுப்பும் பிரிவில் நெட்டை மாமா இருந்தாரே, பள்ளிக்கூட வேன் வராத நாளெல்லாம் உன்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவர், அவருக்குப் போன மாதம் ஒரு மெயில் வந்தது. உங்கள் அஞ்சல்பெட்டி நிறைந்துவிட்டது, இன்றைக்குள் பாஸ்வேர்டைப் போடாவிட்டால் மூடிவிடுவோம் என்று எங்கள் கம்ப்யூட்டர் பிரிவே எழுதியதுபோல. மனிதர் பதறிப்போய்ப் போட்டுவிட்டார். அன்று மதியமே அவர் பெயரில் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஆர்டர் ரத்து என்று மெயில் போயிருக்கிறது. பழைய வாடிக்கையாளர்கள் மூன்று பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். விசாரணை வைத்தார்கள். இதே மாதிரி மெயில் சுற்றுகிறது, தொடாதீர்கள் என்று அவருக்கு அது வருவதற்குப் பத்து நாள் முன்னால்தான் நான் எழுதியிருந்தேன். அந்தப் பிரதியைக் கொண்டுவரச் சொன்னார் மேனேஜர். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக என் செய்திமடலைக் கேட்டார். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன்.

விசாரணைக்கு முன்தினம் நெட்டை மாமா மாடிப்படியில் என்னை நிறுத்தி, “அக்கா, சத்தியமா உங்க எச்சரிக்கை மெயில் எனக்கு வரவே இல்ல” என்றார். தப்பிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அன்று உன்னிடம் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? “கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்மா, உனக்கெதுக்கு வம்பு” என்றாய். அப்படியே செய்தேன். அனுப்பினீர்களா என்று கேட்டார்கள், அனுப்பினேன் என்றேன். இவர் பெயர் பட்டியலில் இருந்ததா என்றார்கள், இருந்தது என்றேன். எதிர் நாற்காலியில் இருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை என்கிறாரே, அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று சொல்ல வாய் திறந்தால் போதும். நான் திறக்கவில்லை. எச்சரித்தும் அலட்சியம் என்று எழுதி வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள்.

கடைசி நாள் கம்ப்யூட்டரை ஒப்படைக்கும் முன் என்னைக் கூப்பிட்டார். குப்பை மெயில் போகும் இடத்தைத் திறந்து வைத்திருந்தார். லாட்டரி, வழுக்கைக்கு எண்ணெய், நடுவில் வரிசையாக என் செய்திமடல்கள், ஒரு வருஷத்தினுடையது. ஒன்றுகூடத் திறக்காதது. புது மென்பொருள் மொத்தமாகப் போவதையெல்லாம் தானாகவே அங்கே தள்ளியிருக்கிறது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார். “நல்லாத்தான் எழுதியிருக்கீங்கக்கா” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நேராகக் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனேன். எல்லோர் பெட்டியிலும் என் செய்திமடல் குப்பைக்குப் போவதை அங்கிருந்தவர் மூன்றாம் மாதமே கவனித்தாராம், யாரும் புகார் சொல்லாததால் விட்டுவிட்டாராம். அதையும் சேர்த்து எழுதி, கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்தேன். ஃபைல் மூடியாச்சு, இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் நியாயம். என் கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள், உத்தரவை மாற்றவில்லை. செய்திமடலை நிறுத்திவிட்டேன். ஏன் வரவில்லை என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, வெளியே போயிருக்கிறார் என்று மரியாதையாகத்தான் சொன்னாள். உள்ளே அவர் குரல் கேட்டது, பெண்ணுக்கு டிக்டேஷன் சொல்லிக்கொண்டிருந்தார். என் சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டார். அவளும் நானும் எதுவும் கேட்காததுபோல் நின்றோம். வந்தேன் என்று சொல்லு என்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

உன்மேல் பழி போடவில்லை. போடவில்லை என்று எழுதும்போதே கொஞ்சம் போடத்தான் செய்கிறேன், பொறுத்துக்கொள். நீ சொன்னாலும் வாய் என்னுடையதுதானே. ஆனால் இனிமேல் எனக்கு அந்த மாதிரி புத்தி சொல்லாதே, நீயும் உன் ஆபீசில் அப்படி இருக்காதே. வேளைக்குச் சாப்பிடு, கழுத்து வலியோடு மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்காராதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். ஆசி சொல்லும் தகுதி எனக்கு இன்னும் இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் பெற்றவள், ரெண்டு பேரும் நிறைவாக இருங்கள். பதிலைப் போனில் சொல்லாதே, எழுது. போனில் நீ எது சொன்னாலும் நான் சரி சரி என்றுவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா