ஒரு டீ குடிக்கும் நேரம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

இன்று காலை பாப்பாவின் தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள். தானே மூச்சு விடுகிறாள்.

நுரையீரலில் கசிகிற ரத்தத்தை ஏன் உறிஞ்சி எடுக்கவில்லை என்று நர்ஸிடம் குதித்தீர்களே, அதை இன்று அவரிடமே கேட்டேன். "வென்டிலேட்டர் காத்தோட அழுத்தம்தான் கசிவை அமுக்கிப் பிடிச்சிருந்தது. சும்மா சும்மா உறிஞ்சினா அந்தப் பிடி விட்டுடும்மா" என்றார். அவருக்குக் கோபமே இல்லை. "சார் சாப்பிடுறாரா?" என்றுகூட விசாரித்தார்.

அன்று தடுத்த என்னிடமும் பாப்பாவின் கட்டிலருகிலேயே நின்று கத்தினீர்கள். நானும் விடவில்லை. நீங்கள் பையை எடுத்துக்கொண்டு போய் ஐந்து நாளாகிறது. மயக்க மருந்தில் அவளுக்கு எதுவும் கேட்காது என்றுதானே இருவரும் நினைத்தோம்?

கரகரத்த குரலில் அவள் முதலில் கேட்டதே, "அப்பா நம்மள விட்டுட்டுப் போயிட்டாரா?"

"டீ குடிக்கப் போயிருக்கார்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஒரு டீயை எவ்வளவு நேரம்தான் குடிப்பீர்கள்?

பாப்பாவின் அம்மா